அகலப்படுத்தாமல் விட்ட சாலைகள்

ஸ்பெயினின் தெற்குக் கரையில் உள்ள அல்முன்யேகாரிலிருந்து கிரனாடா நகருக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கடலோர அதிவேகச் சாலையில் கிழக்கே போய், மோத்ரில் பக்கம் ஏ-44 சாலையில் ஏறிவிட்டால் கார் சுமார் ஒரு மணி நேரத்தில் கிரனாடாவைத் தொட்டுவிடும். அவசரக்காரர்கள் அப்படித்தான் போகிறார்கள். இன்னொரு வழி, ஏ-4050 என்ற எண் கொண்ட மலைச்சாலை. உள்ளூரில் அதற்கு வெள்ளாட்டுச் சாலை என்று பெயர். கடல் மட்டத்தில் கிளம்பி 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, மேட்டுநிலம் ஒன்றைக் கடந்து, கிரனாடாவின் வாசலில் கொண்டுபோய் விடும். வார நாளில் அதில் ஏறும் சைக்கிள்காரருக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்பது அபூர்வம்.

மலைக்காட்சிக்காக மட்டும் இந்தச் சாலையைப் புகழ்ந்தால் பாதிதான் சொன்னதாகும். தொடக்கத்தில் அது ரியோ வெர்தே ஆற்றின் பள்ளத்தாக்கில் ஹேத்தே, ஒத்தீவார் என்ற ஊர்கள் வழியே போகிறது. இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிய சரிவுகளில் சிரிமோயா தோட்டங்கள். சீதாப்பழத்துக்கு நெருங்கிய உறவு அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தக் கரையில் வேர்விட்டது. உலகில் வேறெந்த நாட்டையும் விட ஸ்பெயினில்தான் இந்தப் பழம் அதிகம் விளைகிறது, அதிலும் பெரும்பகுதி கிரனாடா, மாலகா கடற்கரைகளில். அதன் பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் மலரும். மகரந்தம் சேர்க்கும் வண்டினங்கள் இங்கே போதிய அளவு இல்லை. அதனால் கோடையில் ஆட்கள் மரம் மரமாகப் போய், முன்கூட்டியே சேகரித்த மகரந்தத்தை ஒவ்வொரு பூவுக்குள்ளும் கையாலேயே சேர்க்கிறார்கள். காரில் போகிறவருக்கு இது பச்சையாகக் கடந்து போகும் ஒரு தோட்டம். மூச்சு வாங்க ஏறுகிறவருக்கோ கிளைக்குள் தலையை நுழைத்திருக்கும் மனிதரும் அவர் கையிலிருக்கும் சிறு கருவியும் தெரியும். சில சமயம் வணக்கமும் கிடைக்கும்.

ஒத்தீவாரைத் தாண்டியதும் தோட்டங்கள் விடைபெறுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. வெளுத்த பாறை, இடையிடையே பைன் மரங்கள், சாலைக்கு மேலே விளிம்பில் நின்று பார்க்கும் காட்டு வெள்ளாடுகள். திரும்பிப் பார்த்தால் கீழே மத்தியதரைக் கடல் முழுக்க விரிந்து கிடக்கும். உச்சிக்குப் போனதும் நிலம் தட்டையாகி, எதிரே சியெர்ரா நெவாதாவின் பனிமுகடு எழுகிறது. 1492 சனவரியில் கிரனாடாவின் கடைசி முஸ்லிம் மன்னர் போப்தில் நகரைக் கத்தோலிக்க அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தெற்கே போகும்போது, கடைசியாகத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகக் கதை சொல்லப்படும் கணவாயும் இந்தச் சாலை முடிகிற இடத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெற்கு ஸ்பெயினின் கிராமச் சாலைகளைப் பற்றிப் பயண இதழ்கள் எழுதும்போது, அங்கே நிலவும் அமைதி வெயிலையும் கடலையும் போல இயற்கை தந்த வரம் என்பது போலவே எழுதுகின்றன. அது சரியல்ல. அந்த அமைதி மனிதர்கள் எடுத்த முடிவுகளாலும், சில இடங்களில் எடுக்காமல் விட்ட முடிவுகளாலும் உண்டானது. வண்டிகளை வேறு வழிக்குத் திருப்பினார்கள்; பழைய சாலையை இடிக்காமல், அகலப்படுத்தாமல் விட்டார்கள்; முந்திச் செல்பவருக்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டார்கள். இந்த மூன்றும் இருப்பதால்தான் இன்று வடக்கு ஐரோப்பாவிலிருந்து குளிர்காலத்தில் சைக்கிளோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நீண்ட நாள் நிற்காது.

முதல் காரணத்துக்கு கிரனாடாவுக்குத் தெற்கே நல்ல சாட்சி இருக்கிறது. கிரனாடா நகரிலிருந்து கடலுக்கு இறங்கும் போக்குவரத்து முழுவதையும் ஒரு காலத்தில் என்-323 என்ற தேசியச் சாலைதான் சுமந்தது. லாரி, பேருந்து, விடுமுறைக் கூட்டம் எல்லாம் அதில்தான். ஏ-44 வந்த பிறகு அந்தச் சுமை இறங்கிவிட்டது. பழைய சாலை இன்றும் ஊர்களை இணைத்தபடி பக்கத்திலேயே கிடக்கிறது. பெரிய வாகனங்களுக்காகப் போட்ட சாலை என்பதால் சரிவு மிதமானது, தளம் அகலமானது, வளைவுகள் பெரியவை. நாட்டின் பல பகுதிகளில் இப்படி அதிவேகச் சாலைகளின் நிழலில் பழைய தேசியச் சாலைகள் ஓய்ந்து கிடக்கின்றன. சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட வேண்டும் என்று கோடிக்கணக்கில் திட்டம் தீட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே போட்டு முடித்த இந்தச் சாலைகளை ஒழுங்காகப் பராமரித்து, வழிகாட்டிப் பலகை வைப்பதே புத்திசாலித்தனம்.

தனிப்பாதை வேண்டாம் என்பதல்ல வாதம். காதிஸ் மாகாணத்தின் புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை போகும் 36 கிலோமீட்டர் பசுமைப் பாதை அதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது. ஹெரெஸ் நகரையும் அல்மார்கென் ஊரையும் இணைக்க 1920களில், பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரக் காலத்தில், ஒரு ரயில் பாதைக்கு வேலை தொடங்கினார்கள். மலையைக் குடைந்து சுரங்கங்கள், ஆறுகளுக்கு மேல் பாலங்கள், நிலையக் கட்டடங்கள் எல்லாம் எழும்பின. பிறகு பணம் வற்றியது, உள்நாட்டுப் போர் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தடத்தில் ஒரு பயணி ரயில்கூட ஓடவில்லை. பல பத்தாண்டுகள் ஆடு மாடுகள் ஒதுங்கிய அந்தச் சுரங்கங்களின் வழியேதான் இன்று சைக்கிள்கள் போகின்றன.

மொத்தம் 30 சுரங்கங்கள். மிக நீளமானது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் வியர்வை சில்லிட்டுவிடும். சுவர் ஓரமாக நீர் கசியும் சத்தமும் டயர் உருளும் சத்தமும் மட்டும் கேட்கும். விளக்கு எல்லா இடத்திலும் நம்பத்தக்கதல்ல, சைக்கிளில் முன்விளக்கு கட்டாயம் வேண்டும். பாதையின் நடுவில் சாஃப்ரமகோன் என்ற பெரும் பாறை நிற்கிறது. அதன் இடுக்குகளில் வெண்பிடரிக் கழுகுகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டியிருக்கின்றன. தெற்கு ஸ்பெயின் மாநிலமான அந்தலூசியாவின் பெரிய கழுகுக் குடியிருப்புகளில் ஒன்று அது. பக்கத்தில் ரயிலையே பார்க்காத நிலையக் கட்டடம் ஒன்று பறவைகளைப் பற்றிச் சொல்லித்தரும் மையமாகியிருக்கிறது. கோரிப்பே ஊருக்கருகே, பல நூற்றாண்டு வயதான ஒரு கருவாலி மரம் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, பாதையை ஒட்டிக் கிளை பரப்பி நிற்கிறது. ஒல்வேராவில் நிலையம் தங்கும் விடுதியாகிவிட்டது.

இந்தப் பாதை தனித்து வந்ததல்ல. 1985 சனவரியில் ஸ்பெயின் அரசு நஷ்டத்தில் ஓடிய பல ரயில் தடங்களை ஒரே வீச்சில் மூடியது. 1993இல் கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் 7,600 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளத் தடம் பயனின்றிக் கிடந்தது. அதே ஆண்டு தொடங்கிய பசுமைப் பாதைத் திட்டம், அவற்றில் 3,000 கிலோமீட்டருக்கு மேலான தடத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அவற்றில் நீளமான ஒன்று ஹாயென் நகரிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர் ஓடும் எண்ணெய்ப் பாதை. ஆலிவ் எண்ணெயைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ரயிலின் தடம் அது. குவாதஹோஸ் ஆற்றின் நீர்த்தேக்கத்துக்கு மேலே அதன் பழைய இரும்புப் பாலத்தில் சைக்கிளில் போகும்போது, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசை வரிசையாக ஆலிவ் மரங்கள். ஹாயென் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. ஸ்பெயின் எண்ணெயில் பெரும்பகுதி அந்தலூசியாவில்தான் பிழியப்படுகிறது.

ஆனால் பசுமைப் பாதை சாலைக்கு மாற்றாகாது. பல இடங்களில் அதன் தளம் இறுகிய மண். மெல்லிய டயர் போட்ட சைக்கிளுக்கு ஒத்துவராது. ரயிலுக்காகப் போட்ட தடம் ஊரை விட்டு எட்டி நிற்கும். அதைவிட முக்கியமாக, அந்தப் பாதையில் போகிறவர்கள் உலாவுக்கு வந்தவர்கள் மட்டுமே. சாலையிலோ ஊரின் வாழ்க்கையே போகிறது.

கிரசலேமா மலைக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். சாரா தெ லா சியெர்ரா என்ற வெள்ளைக் கிராமத்தின் காலடியில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு நீர்த்தேக்கம். அங்கிருந்து புறாக் கணவாய்க்கு ஏறும் சாலை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஏறி, 1,100 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. மறுபக்கம் கிரசலேமா ஊர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்த மலையில்தான் என்பதால், வறண்ட தெற்கில் இருந்தும் ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. பனியுகத்தின் மிச்சமாகக் கருதப்படும் பின்சாப்போ என்ற ஊசியிலை மரம் இங்கே தழைப்பதற்கு அந்த ஈரமே காரணம். 1977இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

படம் எடுத்துக்கொள்பவர்கள் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். தெற்கே ஏ-2302 சாலையைப் பிடிப்பவர்களுக்குத்தான் நல்ல பகுதி காத்திருக்கிறது. இரண்டு சுண்ணாம்புக்கல் மலைச்சுவர்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தட்டையான பள்ளத்தாக்கில் அது போகிறது. நடுவில் வில்லாலுவெங்கா என்ற சிற்றூர். பயோயா என்ற உள்ளூர் ஆட்டினத்தின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன இடம். மேய்ச்சல் முடிந்து திரும்பும் மந்தை சாலையை மறித்தால் காரும் நிற்கும், சைக்கிளும் நிற்கும். மணிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நகர முடியும். அடுத்து பெனாஓகாஸ். அங்கிருந்து இறங்கினால் ஊப்ரிக்கே. வெளியிலிருந்து பார்த்தால் மலையடிவாரத்தில் ஒரு வெள்ளை ஊர், அவ்வளவுதான். உள்ளே பட்டறை பட்டறையாகத் தோல் வேலை நடக்கிறது. பாரிஸ், மிலான் கடைகளில் உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் தாங்கி விற்கும் கைப்பைகளும் பணப்பைகளும் இந்த ஊர்க் கைகளில்தான் தைக்கப்படுகின்றன. காலையில் அந்தச் சாலையில் சைக்கிளை முந்திப் போகும் சிறு வேனில் தோல் சுருள்கள் இருக்கலாம், பால் கேன்கள் இருக்கலாம். அது தொந்தரவல்ல, அந்தச் சாலை உயிரோடு இருப்பதற்கான அடையாளம்.

அந்த வேன் சைக்கிளை எப்படி முந்துகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஸ்பெயின் சட்டப்படி சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரே திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால் பக்கத்துத் தடத்துக்கு முழுமையாக மாறித்தான் முந்த வேண்டும். மீறினால் ஓட்டுநர் உரிமத்தில் 6 புள்ளிகள் வரை பறிபோகும். இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் போகச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு குழு சந்திப்பில் நுழையும்போது முன்னால் போகிறவர் நுழைந்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே வாகனமாகக் கொள்ள வேண்டும். எதிரே வண்டி வராத பட்சத்தில், சைக்கிளுக்கு இடம் விடுவதற்காக நடுவிலுள்ள முழுக்கோட்டைத் தாண்டவும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு. 2019இல் இருவழிச் சாலைகளின் வேக உச்சவரம்பு 100 கிலோமீட்டரிலிருந்து 90 ஆகக் குறைக்கப்பட்டது.

சட்டம் எழுதினால் போதுமா என்று கேட்பது நியாயம். போதாது, அங்கேயும் சைக்கிளோட்டிகள் அடிபட்டுச் சாகிறார்கள், சாலையோரத்தில் மலர்வளையங்களைப் பார்க்கலாம். ஆனாலும் கிராமச் சாலையில் ஒரு டிராக்டர்காரர் வளைவு முடியும்வரை பொறுத்திருந்து, எதிர்த்தடத்துக்கே போய், கையசைத்துக் கடந்து செல்வது அங்கே சாதாரணக் காட்சி. சாலைச் சந்திப்புகளில் காரும் சைக்கிளும் இடையில் 1.5 என்ற எண்ணும் வரைந்த பலகைகள் நிற்கின்றன. 1935இலிருந்து நடக்கும் வுவெல்தா சைக்கிள் பந்தயத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சாலையோரத்தில் நின்று பார்த்த ஊர்கள் அவை. சைக்கிள் ஓட்டுகிறவரை இடைஞ்சலாகப் பார்க்காத பழக்கம் சட்டத்துக்கு முன்பே அங்கே இருந்தது. சட்டம் அதற்குப் பல் கொடுத்தது.

வண்டியைத் தடுப்பது வேறொரு வழி. அதற்குச் சியெர்ரா நெவாதாவில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. வெலேத்தா சிகரத்தின் தோள்வரை, 3,300 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தத் தார்ச்சாலைதான் ஐரோப்பாவிலேயே மிக உயரமானது. ஒரு காலத்தில் கார்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. 1999இல் மலை தேசியப் பூங்கா ஆனபோது, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் ஓயா தெ லா மோரா என்ற இடத்தில் தடுப்புக் கட்டை விழுந்தது. அதற்கு மேல் தனியார் வாகனங்களுக்கு இடமில்லை. கோடையில் பூங்காவின் சிற்றுந்து மட்டும் ஒரு எல்லை வரை போகும். மற்றபடி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமே அந்தச் சாலை. பராமரிப்புக் குறைந்து தார் பெயர்ந்துகிடக்கும் இடங்கள் உண்டு, காற்று மெலிந்து தலை கிறுகிறுக்கும், கோடையிலும் பனித்திட்டு வழியை மறிக்கும். அதற்காக யாரும் அந்தத் தடுப்பை எடு என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கட்டை ஒரு மலைமுகட்டுக்கே அமைதியை மீட்டுத் தந்துவிட்டது.

வெள்ளாட்டுச் சாலைக்கும் புறாக் கணவாய்க்கும் ஏன் இதில் ஒரு பங்காவது கிடைக்கக் கூடாது? இந்த இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலைமை வேறு. பெரிய மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக வந்து, வளைவுகளைப் பந்தயத் தடமாக எடுத்துக்கொள்கின்றன. மலைச்சுவரில் மோதித் திரும்பும் அந்த இரைச்சல் கழுகையும் ஆட்டையும் ஊர்க்காரரையும் ஒன்றாகவே துரத்துகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை சில மணி நேரம், ஊர்க்காரர்களின் வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்குச் சாலையை மூடலாம். இத்தாலியின் தொலோமித்தி மலைகளில் ஆண்டுதோறும் கணவாய்களை ஒரு நாள் சைக்கிளுக்கென்று ஒதுக்குகிறார்கள்; உணவகங்கள் அன்று திணறும் அளவுக்கு வியாபாரம் நடக்கிறது. அந்தலூசியாவில் இதைச் செய்யத் தேவைப்படுவது ஒரு கயிறும் இரண்டு காவலர்களும்தான்.

இந்த அமைதிக்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. சில சாலைகள் அமைதியாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் முனையில் இருக்கும் ஊர்களை விட்டு ஆட்கள் போய்விட்டதுதான். ரோந்தாவுக்குத் தெற்கே ஹெனால் ஆற்றின் பள்ளத்தாக்கில் கஷ்கொட்டை மரக் காடுகளுக்குள் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. இலையுதிர் காலத்தில் மலை முழுவதும் செம்பு நிறமாக மாறும்போது அந்தச் சாலைகளுக்கு இணை கிடையாது. ஊர்களிலோ பள்ளிப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பராமரிக்க ஆளில்லாத தோட்டம் புதராகும். புதர் காய்ந்தால் நெருப்புக்குத் தீனி. 2021 செப்டம்பரில் அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிய சியெர்ரா பெர்மேஹாவில் பிடித்த காட்டுத்தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

சுற்றுலா இதற்கு மருந்தாகும் என்று சொல்கிறவர்கள் அதே பள்ளத்தாக்கின் ஹூஸ்கார் ஊரைக் காட்டுகிறார்கள். 2011இல் ஸ்மர்ஃப் திரைப்படத்தின் விளம்பரத்துக்காக ஊர் முழுவதற்கும் நீலச் சாயம் பூசினார்கள். படம் வந்து போன பிறகும் ஊரார் நீலத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள், ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிறிய ஊருக்கு அது வருமானம். குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட கூட்டம் காரில் வருகிறது, குறுகிய சாலையை நிறைக்கிறது. பாறைக்கு அடியில் வீடுகள் கட்டிய செத்தெனில் ஊருக்கு வார இறுதியில் சைக்கிளில் போய்ச் சேர்கிறவர் வண்டி நிறுத்த இடம் தேடும் நீண்ட வரிசையை ஊருக்கு வெளியிலேயே பார்த்துவிடுவார். இந்த வகைப் புகழ் இன்னொரு ஊருக்கு வேண்டாம். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக, வார நாளிலும் வருகிற, பசியோடு வருகிற விருந்தாளிதான் இந்த ஊர்களுக்குப் பொருந்தும். 60 கிலோமீட்டர் மலையேறி வந்த சைக்கிள்காரரைப் போலப் பசித்த விருந்தாளி வேறு யார்?

ஊர்ச் சதுக்கத்தின் பாரில் காலை 10 மணிக்கு நடப்பதைப் பார்த்தால் போதும். வறுத்த ரொட்டியின் பாதி, அதன்மேல் துருவிய தக்காளி, மேலே பச்சை வாசம் மாறாத ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, கூடவே கண்ணாடிக் குவளையில் பால் காபி. பக்கத்து மேசையில் வயல் வேலைக்குப் போகும் வழியில் நிற்பவர்களும் அதையேதான் சாப்பிடுகிறார்கள். எண்ணெய்க் குப்பி மேசைக்கு வரும், வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். அந்த எண்ணெய் பெரும்பாலும் அதே ஊர்க் கூட்டுறவு ஆலையில் பிழிந்ததாக இருக்கும். வெளியே சதுக்கத்தின் கல் நீரூற்றில் குளிர்ந்த மலைநீர் இரவும் பகலும் ஓடும். பாட்டிலை நிறைத்துக்கொண்டு கிளம்பலாம். அல்புஹார்ரா மலையூர்களில் அந்த நீர் முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வெட்டத் தொடங்கிய வாய்க்கால்களோடு தொடர்புடையது. சியெர்ரா நெவாதாவின் பனி உருகி, சரிவில் ஊறி, கீழே ஊற்றாகிறது. ஓர்ஹிவாவிலிருந்து த்ரெவேலெஸ் போகும் ஏ-4132 சாலையில் ஏறுகிறவர்கள் வாய்க்காலின் சலசலப்பைக் கேட்டபடியே போகிறார்கள்.

போகும் காலத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாகாணத்தில் வெப்பம் 47 பாகையைத் தாண்டி, ஸ்பெயினின் உச்சப் பதிவானது. சூலை, ஆகஸ்டில் உள்நாட்டுச் சாலைகளில் பகலில் சைக்கிள் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பிப்ரவரியில் வாதுமை பூப்பதிலிருந்து மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர், இவையே பருவம். வறண்ட ஆற்றுப்படுகைகளில் அலரி பூத்துக் குலுங்கும் சூன் தொடக்கம்வரை நீட்டிக்கலாம், விடியலில் கிளம்பினால். ஆலிவ் அறுவடை நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் நடக்கும். அப்போது டிராக்டர் சக்கரங்கள் இழுத்து வந்த மண் மழைநீரில் குழைந்து சாலையில் படிந்திருக்கும். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் சறுக்கும். அந்த மாதங்களில் சாலை விவசாயிக்குத்தான் முதலில் சொந்தம், ஓரமாக நின்று வழிவிட்டுப் போவதே முறை.

மாகாண நிர்வாகங்கள் செய்ய வேண்டியது பெரிதல்ல. சிறிய சாலைகளில் மழைக்குப் பிறகு சரிந்த விளிம்பையும் பெயர்ந்த தாரையும் உடனே ஒட்டுப்போட வேண்டும். வளைவை நிமிர்த்துகிறோம், அகலப்படுத்துகிறோம் என்று மலையைக் கொத்தக் கூடாது. அகலமான சாலை வேகத்தைக் கூட்டும், வேகம் வண்டியை வரவழைக்கும், பிறகு அது இன்னொரு நெடுஞ்சாலை. காதிஸிலிருந்து கிளம்பி மத்தியதரைக் கடலோரமாகச் சைப்ரஸ்வரை போகும் ஐரோப்பிய சைக்கிள் தடமான யூரோவெலோ 8 அந்தலூசியாவில்தான் தொடங்குகிறது. அதைக் கடலோரக் கூட்டத்துக்குள் திணிக்காமல், உள்நாட்டுக் கிராமச் சாலைகளோடு இணைத்துப் பலகை வைத்தால் செலவும் குறையும், ஊர்களுக்கும் பயன்.

இன்னொன்று ரயில். ஆங்கிலேய முதலீட்டில் 1890களின் தொடக்கத்தில் அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து ரோந்தா வழியே பொபதிய்யா வரை போட்ட மலைத்தடம், கௌசின், கோர்தெஸ், ஹிமேரா தெ லீபார் என்று நல்ல சைக்கிள் சாலைகள் தொடங்கும் இடங்களிலெல்லாம் நிலையம் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தடத்தில் சைக்கிளோடு வந்து இறங்குகிறவர் அந்தச் சாலைகளில் ஒரு காரைக்கூடக் கூட்டுவதில்லை. ஆனால் இந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் ஒரு வண்டிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சைக்கிள்களுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வந்தால் பாதிப்பேர் நடைமேடையில் நிற்க நேரிடும், அல்லது அடுத்த முறை எல்லோரும் வேன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெட்டியில் சில இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கொக்கிகள் மாட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு கிலோமீட்டர் மலைச்சாலையை அகலப்படுத்தும் செலவில் சிறு பங்குகூட இருக்காது. அந்தலூசியா அடுத்து எடுக்க வேண்டிய முடிவு இதுதான், அதை வரும் வசந்தத்துக்குள்ளேயே எடுக்க முடியும்.